ஆதன் என்ற ஆண்பெயர்: எங்கிருந்து வந்தது, எவ்வளவு அரிது, இன்று வைத்தால் என்ன கவனிக்க வேண்டும்?

வைகைக்கரை கேட்டது:

ஆண் குழந்தைக்கு 'ஆதன்' என்று பெயர் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கீழடிப் பானை ஓட்டில் உள்ள பெயர் என்பதற்கு மேல் விவரம் இல்லை. பெயர்த் தளங்களில் ஒன்று 'சூரியன்' என்கிறது, இன்னொன்று 'ஆதி முதல்வன்' என்கிறது. பெரியவர் ஒருவர் அகராதியைப் புரட்டி, 'குருடன் என்றல்லவா போட்டிருக்கிறது' என்கிறார். பெயரின் பழைய வழக்கு என்ன, அப்போது எவ்வளவு பேர் வைத்திருந்தார்கள், இப்போது எவ்வளவு அரிது, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓட்டெழுத்து பதில்:

கீழடியிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய 4ஆம் கட்ட அகழாய்வில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. 2019 செப்டம்பரில் வந்த அறிக்கையில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' இரண்டும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் பானையின் தோள் பகுதியில், சுட்ட பிறகு கீறிய எழுத்துகள். பானை செய்தவர் போட்ட முத்திரை என்றால் எல்லாம் ஒரே கையெழுத்தாக இருந்திருக்கும். இங்கே கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. பானையை வாங்கியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கீறிக்கொண்டார்கள் என்று கொள்வதே பொருத்தம். ஆகவே ஆதன் அரசனுக்கு மட்டும் உரிய பெயர் அல்ல. சமையல் பானை வைத்திருந்த வீட்டுக்காரரின் பெயரும் கூட.

ஒரு எச்சரிக்கை. 'கி.மு. 580' என்ற எண்ணை இந்தப் பெயரோடு ஒட்டிப் பலர் எழுதுகிறார்கள். அது 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அளந்து பெற்ற காலம், ஓட்டை அளந்ததல்ல. குழந்தையின் பெயர் விளக்க அட்டையில் '2600 ஆண்டுப் பெயர்' என்று அச்சிடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

ஓட்டில் இருப்பது மூன்றே எழுத்து: ஆ, த, ன. அக்கால எழுத்துமுறையில் புள்ளி இல்லாததால் 'ன' என்பதை இடம்பார்த்து 'ன்' என்று படிக்கிறோம். அந்த 'ன' வடநாட்டுப் பிராமியில் கிடையாது, தமிழுக்கென்று உருவாக்கிய எழுத்து. பெயரின் ஈறு தமிழ் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இரட்டித்த மெய்யையும் அவர்கள் ஒற்றையாகவே எழுதினார்கள். 'சாத்தன்' ஓட்டில் 'சாதன்' ஆகத்தான் இருக்கும். அப்படியானால் இது 'ஆத்தன்' ஆகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். ஓட்டை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. இலக்கியத்தில் 'ஆதன்' என்ற வடிவம் திரும்பத் திரும்ப வருவதால்தான் அப்படிப் படிக்கிறோம்.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த ஓடுகளில் 'கண்ணன் ஆதன்' இருக்கிறது. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டித் தந்த கல்வெட்டு 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்ற சேர அரசனில் தொடங்கி, அவன் மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையைச் சொல்கிறது. அந்த ஆதனைத்தான் பதிற்றுப்பத்தின் 7ஆம் பத்தில் கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பாட்டிலும் கல்லிலும் ஒருங்கே நிற்கும் பெயர்கள் தமிழில் குறைவு. ஆதன் அந்தச் சிலவற்றில் ஒன்று.

செந்நாப்புலம் பதில்:

ஓட்டெழுத்து ஐயா கல்லையும் ஓட்டையும் சொல்லிவிட்டார். பாட்டுக்கு வருவோம்.

சேரர்களில் உதியஞ்சேரலாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் எல்லாம் சேரல் + ஆதன். அரசர் அல்லாதவர்களும் உண்டு. புறநானூறு 71இல் பூதப்பாண்டியன் தன் நண்பர்களை அடுக்கும்போது 'ஆதன் அழிசி' வருகிறான். 175இல் கள்ளில் ஆத்திரையனார் 'எந்தை வாழி ஆதனுங்க' என்று பாடுகிறார். அகநானூறு 216இல் செல்லிக் கோமான் ஆதன் எழினி. புறம் 338இல் போந்தைக்குரிய நெடுவேள் ஆதன். சங்க காலத்துக்குப் பின் திரிகடுகம் பாடியவர் நல்லாதனார்.

ஆதன் எழினி, ஆதன் அழிசி போன்ற இரட்டைப் பெயர்களில் முன்னால் நிற்பது தந்தை பெயர், பின்னால் நிற்பது மகன் பெயர் என்று கொள்வது வழக்கம். குவிரன் ஆதன் என்றால் குவிரன் மகன் ஆதன். இன்று நாம் முன்னால் போடும் தலைப்பெழுத்துக்கு இது மூத்த வழக்கு. உங்கள் பிள்ளைக்குத் தந்தை பெயரை முன்னால் முழுதாக எழுதி 'ஆதன்' என்று முடித்தால், பானை ஓட்டில் உள்ள அதே வரிசைதான்.

இவ்வளவுக்கும் மேலே எனக்கு நெருக்கமானது ஐங்குறுநூற்றின் முதல் வரி. 'வாழி ஆதன், வாழி அவினி! நெல்பல பொலிக, பொன்பெரிது சிறக்க!' ஓரம்போகியார் பாடிய வேட்கைப் பத்தில் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குகின்றன. ஆதன் அவினி சேர மன்னன் என்பது உரைவழக்கு. தலைவியோ தன் குறையைச் சொல்லாமல் அரசனும் வயலும் வாழ வேண்டும் என்கிறாள். பெயர்சூட்டும் நாளில் சொல்ல இதைவிடப் பொருத்தமான வாழ்த்து வேறு எந்தப் பெயருக்கும் தயாராக இல்லை. பாட்டை முழுதாகப் போட வேண்டாம், அந்த இரண்டு அடி போதும். பின்னால் பரத்தையிற் பிரிவு, அதாவது தலைவன் பரத்தையை நாடிப் பிரியும் செய்தி, வருகிறது.

புள்ளிமயங்கி பதில்:

இந்தப் பெயர் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று தொல்காப்பியம். 'இன்னாரின் தந்தை' என்று சொல்லும்போது பெயர் எப்படிச் சுருங்கும் என்று எழுத்ததிகாரம் புள்ளிமயங்கியல் விதி சொல்கிறது. பொது விதிப்படி சாத்தன் + தந்தை: 'தந்தை'யின் முதல் 'த்' போய் 'அந்தை' ஆகும், சாத்தனின் 'அன்' கெடும், சாத்தந்தை கிடைக்கும். ஆனால் இரண்டு பெயர்களுக்கு மட்டும் தனி நூற்பா: 'ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரந் துவரக் கெடுமே.' அதாவது மேற்சொன்னதோடு ஆதனில் உள்ள 'த்', அதை அடுத்த 'அ' இரண்டும் போய்விடும். எஞ்சுவது ஆ + ந்தை = ஆந்தை. அதேபோல் பூதன் + தந்தை = பூந்தை.

வாய் தேய்ந்து தேய்ந்துதான் ஒரு பெயர் இவ்வளவு சுருங்கும். அன்றாடம் ஊரெல்லாம் புழங்காத பெயருக்கு இலக்கண நூலில் தனி விதி தேவைப்பட்டிருக்காது. பிசிராந்தையாரை இரவுப் பறவையோடு சேர்த்து நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிசிர் என்பது ஊர், ஆந்தை என்பது ஆதனின் தந்தை. கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட்டவரின் பெயருக்குள் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறது.

வைகைக்கரை:

மிக்க நன்றி. ஆந்தை விவரம் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'குருடன்' என்ற பொருளுக்கு என்ன பதில் சொல்வது? பெரியவர் அதிலேயே நிற்கிறார்.

செந்நாப்புலம்:

பெரியவர் சொல்வது பொய்யல்ல, அகராதியில் இருக்கிறது. ஆதன் என்பதற்கு உயிர், அருகன் (சமணர் வணங்கும் கடவுள்) என்ற பொருள்களும் இருக்கின்றன. அறிவிலி, பார்வையற்றவன் என்பவையும் இருக்கின்றன. 'ஆதர்' என்ற பன்மை அறிவிலார் என்ற பொருளில் பிற்காலச் சமய இலக்கியத்தில் வருகிறது. ஆனால் இயற்பெயர் வேறு, பொதுச்சொல் வேறு. மூன்று சேர அரசர்கள் 'அறிவிலி' என்ற பொருளில் அந்தப் பெயரைத் தாங்கியிருக்க மாட்டார்கள். புலவரும் 'வாழி ஆதன்' என்று பத்து முறை வாழ்த்தியிருக்க மாட்டார். இழிபொருளை மறைக்காமல் இப்படி விளக்குங்கள். மறைத்தால் பள்ளியில் யாராவது அகராதியைக் காட்டும்போது பிள்ளை திகைக்கும்.

'சூரியன்' என்பது ஆதவனோடு வந்த குழப்பம். ஆதவன் வெயிலைக் குறிக்கும் 'ஆதபம்' என்ற வடசொல் வழி வந்தது. 'ஆதி முதல்வன்' என்பதும் அப்படித்தான். ஆதி வடசொல், ஆதனோடு உறவில்லை. ஆதனூர் என்று பல ஊர்கள் உண்டு, நந்தனார் பிறந்த ஊரும் ஆதனூர்தான். ஆனால் அவை எல்லாமே ஆள்பெயரால் வந்தவை என்று சொல்லிவிடாதீர்கள். கும்பகோணம் பக்கத்துத் திருஆதனூருக்குத் தலபுராணம் காமதேனுவை வைத்து, ஆ (பசு) என்று பிரித்துப் பொருள் சொல்கிறது.

பதிவேடு பதில்:

இனி நடைமுறை. முதலில் 'எவ்வளவு அரிது' என்ற கேள்வி. இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. மூன்று குழந்தைகளுக்கு வைத்த பெயரும் அதில் வரும். இந்தியாவில் அப்படிப்பட்ட அரசுப் பட்டியல் இல்லை. ஆகவே 'தரவரிசை 4,212' என்று ஒரு தளம் போட்டால் நம்பாதீர்கள். வாக்காளர் பட்டியலில் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் 18 வயது நிரம்பியவர்கள் மட்டுமே இருப்பார்கள். கீழடி அறிக்கைக்குப் பிறகு பிறந்த ஒரு குழந்தைகூட அதில் இருக்காது. தனித்தமிழ்ப் பெயர் அலை எழுந்தபோது செழியன், இளங்கோ, பாரி எல்லாம் வீடுகளுக்குத் திரும்பின. ஆதன் அப்போது பின்தங்கிவிட்டது, கீழடிக்குப் பிறகுதான் பேச்சுக்கே வந்தது.

ஆங்கில எழுத்து. நடுவில் தஞ்சாவூருக்குப் போடும் 'டீ-எச்' (th) போடலாம், தர்மபுரிக்குப் போடும் 'டி-எச்' (dh) போடலாம். உயிருக்கு நடுவில் 'த' மெலிந்து ஒலிப்பதால் தர்மபுரி எழுத்து வெளிமாநிலத்தாருக்குச் சரியாக வாயில் வரும். முதலில் 'ஏ' இரண்டு, கடைசியில் 'ஏ' ஒன்று. முதலில் ஒரே 'ஏ' போட்டால், பள்ளிவாசல் பாங்கைக் குறிக்கும் 'அதான்' என்ற சொல்லின் எழுத்து அப்படியே வந்துவிடும். கடைசியில் இரண்டு போட்டால் 'ஆதான்' என்று நீட்டுவார்கள். இன்னொன்று: இந்த எழுத்துக்கூட்டலின் கடைசி எழுத்து ஒன்று மாறினால் 'ஆதார்' ஆகிவிடும். தட்டச்சு செய்பவர் கை பழக்கத்தில் அப்படி அடித்துவிட வாய்ப்பு அதிகம். அச்சிடும் முன் திரையில் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் இல்லாமல் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட வேண்டாம், எழுத்துக்கூட்டலை முடிவு செய்த பிறகு போங்கள். ஒருமுறை ஏறிய பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தலாம், பெயரையே மாற்றுவது அரசிதழ் வரை போகும் வேலை. 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். தமிழ், ஆங்கிலம் இரண்டு வரியையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து ஏற்கப்படாது, தந்தை பெயரை விரித்துத்தான் போட வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு 'ஆதன்' என்று மட்டும் நிரப்பாதீர்கள். ஒற்றைப் பெயர் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம் மட்டும். கூப்பிடும்போது 'ஆதன்' என்றே கூப்பிடுவதா?

புள்ளிமயங்கி:

அன் ஈறு விளியில் 'ஆ' ஆகும்: ஆதா, வா! பக்கத்தில் இருந்தால் 'ஆத' என்றும் குறுக்கலாம், அதற்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. வீட்டில் 'ஆதா' நிற்கும்.