"சும்மாதானே படிக்கிறீங்க?" – வீதியில் நின்ற நாட்களைப் பகிருங்கள்

2022 ஏப்ரல், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்கு எதிராக நாங்கள் ஆர்ப்பாட்டம் செய்த மட்டக்களப்பு காந்தி பூங்கா. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வெயிலுக்குள் பதாகையோடு நின்ற என்னிடம் ஒரு ஆட்டோக்கார ஐயா வந்து கேட்டார்: "மகள், அரசாங்கம் உங்கள சும்மாதானே படிப்பிக்குது? மறுகா என்னத்துக்கு ஆர்ப்பாட்டம்?"

கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வி என்றால் எல்லாமே இலவசம் என்றுதான் நம் சனம் நினைக்கிறது. விரிவுரைக்குக் காசில்லை, சரி. சோற்றுக்கு?

விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மாதாமாதம் வரும் மஹாபொல புலமைப்பரிசில் 5000 ரூபாய். நாலு பேர் பங்கு போட்டும் போடிங் அறைக்கு 3000. மிச்சம் 2000இல்தான் மாதம் முழுக்கச் சாப்பாடு, போட்டோகொப்பி, பஸ். மார்ச்சில் 20 ரூபாயாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஏப்ரலிலேயே 27 ஆகியிருந்தது (ஜூலையில் 40). இரவில் பணிஸும் பிளேன்டீயும்தான் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ட மகளும் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்கு நிக்கிறா. அப்ப அவள எந்தக் கணக்கில அனுப்புற?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 7500 ஆனபோது முதலில் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை எங்காவது படித்து முடித்திருக்க வேணும்.

மறுமொழி – கல்முனையிலிருந்து

எங்கட வாப்பா கடலுக்குப் போறவர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. மானியத்தை வெட்டினால் யாருக்கு வலிக்கும் என்று எங்கட வீட்டைப் பார்த்தால் தெரியும். எஞ்சின் போட்டு ஓடினால் எண்ணெய்க் காசுகூட மீனில் வராது, தோணி பல நாள் கரையிலேயே கிடந்தது. எனக்கு வீட்டிலிருந்து வந்த காசும் நின்றது. உம்மா காதுப்பூவை அடகு வைத்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

நானும் ஊர்வலத்துக்குப் போனேன். முதல் நாள் இரவு வாப்பா போன் எடுத்தார்.

"ஆர்ப்பாட்டத்துக்குப் போறியாம், உண்மையா மனே?"

பயந்து பயந்து "ஓம் வாப்பா" என்றேன். ஏசப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அப்ப மண்ணெண்ணெய்ட விலையையும் எழுதிப் பிடி."

பழைய மட்டைப்பெட்டியைக் கிழித்து, சிவப்பு மையால் 340 என்று பெரிதாக எழுதிக்கொண்டு போனேன்.