கூரைப் பீலி நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடலாமா?

ஓயாக்கரை (கேள்வி):
வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் சரிவில் அமைந்த ஒரு நகரில் வசிக்கிறேன். இங்கே மலசலகூடக் கழிவு வீட்டுக் குழிக்குப் போக, குளியலறை நீரும் சமையலறை நீரும் வீதியோரக் கானில் விழுந்து நேரே ஓயாவில் கலக்கின்றன. குழி நிரம்பினால் பவுசர் வரவேண்டும். எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழையாது. ஆகவே பொதுக் கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டுமென்று கேட்டு வருகிறோம். ஒரு சந்தேகம். முற்றம் குறுகலாக இருப்பதால் எங்கள் கூரைப் பீலியின் குழாயைக் குளியலறைக் குழாயோடு இணைத்திருக்கிறோம். அயலிலும் பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பொது இணைப்புக் கிடைக்கும்போது அதை அப்படியே விட்டுவிடலாமா? மழைநீர் கழிவைக் கழுவித் தள்ளிவிடும், நல்லதுதானே என்கிறார் என் தகப்பனார்.

வண்டல்:
தயவுசெய்து விடாதீர்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அங்கே கழிவை உண்மையில் சுத்தம் செய்பவை காற்றூட்டும் தொட்டியில் வளரும் பற்றீரியாக்கள். நீரில் கரைந்த கழிவைத் தின்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மண்ணிறத் துகள்களாகத் திரளும். அடுத்த தொட்டியில் அவை அடியில் படிய, மேலே நிற்கும் தெளிந்த நீர் வெளியேறும். படிந்த சேற்றின் பெரும்பகுதியைத் திரும்பவும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவோம். தினமும் காலையில் கண்ணாடி உருளையில் ஒரு லீற்றர் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். துகள்கள் பஞ்சுபோல் பற்றிக்கொண்டு இறங்கி, மேலே தேநீரின் நிறம்கூட இல்லாமல் நீர் தெளிந்தால் அன்றைக்கு மனம் நிம்மதி அடையும்.

பெருமழையில் பீலி நீரெல்லாம் குழாயில் வந்தால், படிவதற்கு வேண்டிய நேரம் கிடைக்காமல் அந்தச் சேறு தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஓயாவுக்குப் போய்விடும். போன பற்றீரியாக்கள் மீண்டும் வளர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை மழை விட்ட பின்னும் நிலையம் சரியாக வேலை செய்யாது. கணக்குப் பாருங்கள்: 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீர் ஏறத்தாழ 600 லீற்றர். தென்மேற்குப் பருவத்தில் அப்படியொரு மழை நாளில், எட்டு வீடுகளின் கழிவுநீர் அளவுக்கு ஒரே கூரை நீரைக் கொட்டும்.

குழாயைக் கழுவும் என்று உங்கள் தகப்பனார் சொல்வது குழாயைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அழுக்கு நீர்த்துப் போவதும் சுத்தமாவதும் ஒன்றல்ல. வீட்டுக் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைத் தின்ன பற்றீரியாக்களுக்கு வேண்டிய ஒட்சிசன், சாதாரணமாக லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். சுத்திகரித்து ஆற்றில் விடும் நீரில் அது 30க்கு மேற்படக்கூடாது என்று 2008ஆம் ஆண்டு வர்த்தமானி கூறுகிறது.

மேட்டுலயம்:
வீதிக்குக் கீழே உள்ள வீடுகளையும் மறக்காதீர்கள். வீதியில் போகும் குழாய்க்கு அவர்களுடைய கழிவு தானாக ஏறாது. ஒன்றில் பள்ளத்தை ஒட்டி இன்னொரு குழாய் வேண்டும், அல்லது பம்பி வேண்டும். மின்சாரம் நின்றால் பம்பியும் நிற்கும். அதனால் இதைத் திட்ட வரைபடத்திலேயே கேட்டுப் பெறுங்கள். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொழுப்புப் பொறியையும் (கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டி) கட்டாயமாக்க வேண்டும். எங்கள் குளிரில் எண்ணெய் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடுகிறது.

ஓயாக்கரை:
நன்றி ஐயா. அப்படியானால் பீலி நீரை வீட்டின் பின்புறச் சரிவில் விட்டுவிடலாமா?

வண்டல்:
அது இன்னும் ஆபத்தானது. சரிவு மண்ணில் ஊறும் நீரால் மண் கனத்துப் பிடிப்பிழந்து சரியக்கூடும். கீழே வீடுகள் இருக்கின்றன. ஒரு பகுதியைத் தாங்கியில் பிடித்து மலசலகூடத்துக்குப் பயன்படுத்துங்கள். நிரம்பி வழிவதைச் சீமெந்துக் கானுக்குக் குழாய் வழியாகவே கொண்டு போங்கள். குளியலறை நீர் பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கு மாறிய பின், மழைநீர் மட்டும் ஓடவேண்டிய இடம் அந்தக் கான்தான்.