மறு: பவுன்ஸ் ஆன மின்னஞ்சலுக்குத் தமிழ்ச்சொல் – ஒன்றல்ல, இரண்டு வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம். அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேராததை ஆங்கிலத்தில் ‘பவுன்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழைக்கு என் பதில் இது; நண்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாக எடுத்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> பவுன்ஸ் என்பதற்குத் ‘துள்ளல்’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் களுவாஞ்சிகுடியில் வீட்டு அறை ஒன்றில் கணினி வைத்து, நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பெண்ணிடம் “உங்கள் மடல் துள்ளிவிட்டது” என்று திரை சொன்னால் அவர் அடுத்து எதைத் தொடுவார்? கடவுச்சொல்லையா, பெறுநர் விலாசத்தையா, ரவுட்டரையா? பிழைச்செய்தியில் வரும் சொல், படிப்பவரின் கையைக் கோளாறு இருக்கும் பக்கம் கொண்டுபோக வேண்டும். அழகும் சுருக்கமும் அதற்குப் பிறகுதான்.

நம்மூரில் எல்லோரும் சொல்வது “மெயில் போகுதில்ல” என்ற ஒரே வசனம். அதற்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் ஒரே சொல்லைத் தேடியதால்தான் இந்த இழை இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலாவதில், மடல் கணினியை விட்டே வெளியேறவில்லை. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் செயலியின் அவுட்பாக்ஸில் அப்படியே கிடக்கும். காரணம் பெரும்பாலும் நம் பக்கத்தில். பிழைச்செய்தியில் 535 என்ற எண் வந்தால் வழங்கி, அதாவது நம் மடலை வாங்கி அனுப்பும் சேவைக் கணினி, நம் பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ ஏற்கவில்லை. ஜிமெயில் கணக்கை இத்தகைய செயலிகளில் வைத்திருந்த பலருக்கு இது 2022 மே மாத இறுதியில் தொடங்கியது. பழைய செயலிகள் வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்துத் தனிப்பட்ட கணக்குகளில் நுழைவதை கூகிள் அப்போது நிறுத்தியது. அதன் பிறகு கூகிளின் உள்நுழைவுப் பக்கம் வழியாகச் செயலிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துக் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றை எடுத்துச் செயலியில் இட வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லை எத்தனை முறை சரியாக அடித்தாலும் பயனில்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் போகாவிட்டால் போர்ட் எண்ணை, அதாவது வழங்கியோடு பேசச் செயலி பயன்படுத்தும் வாசலின் எண்ணைப் பார்க்க வேண்டும். பழைய அமைப்புகளில் 25 என்று இருக்கும். எரிதங்களை (ஸ்பாம் மடல்களை) தடுப்பதற்காக வீட்டு இணைப்புகளிலிருந்து 25 வழியாக வெளியே செல்வதை இணையச் சேவை தருவோர் பலர் மூடிவிட்டார்கள். பயனர் தன் வழங்கியிடம் மடலை ஒப்படைப்பதற்கென்று 587ஐத் தனியாக ஒதுக்கியது 1998இல் வந்த ஆர்.எப்.சி. 2476 என்ற இணைய நெறிமுறை ஆவணம். தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கத்துடன் பேசுவது 465. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு, இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையில் உள்ள சிறு பற்றரி தீர்ந்திருந்தால், மின்வெட்டுக்குப் பிறகு கணினியின் மணிக்கூடு பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இருப்பதால், பின்தங்கிய கணினி அதை இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழாகக் கருதி இணைப்பையே துண்டித்துவிடும். பயனருக்குத் தெரிவது மெயில் போகவில்லை என்பது மட்டும்தான். திகதியைத் திருத்தினால் மடல் உடனே கிளம்பும்.

இரண்டாவது கோளாறு வேறு விதமானது. நம் வழங்கி 250 என்று பதில் சொல்லி மடலை ஏற்றுக்கொண்டது. ‘அனுப்பியவை’யிலும் அது இருக்கிறது. சில நிமிடமோ சில நாளோ கழித்து மெயிலர்-டீமன் என்ற பெயரில் ஒரு மடல் வருகிறது. உள்ளே 550 இருந்தால், அந்த விலாசத்தில் பெட்டி இல்லை, அல்லது மறுபக்கத்து வழங்கி நம் மடலை ஏற்க மறுக்கிறது. 552 இருந்தால் மடல் அளவுக்கு மீறியது, அல்லது அங்கே இடம் போதவில்லை. இங்கே நம் கடவுச்சொல்லை மாற்றி ஒரு பலனும் கிடையாது. விலாசத்தை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்; தேவையானால் பெறுநரைத் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: முதலாவதற்குப் போகாமடல், இரண்டாவதற்குச் சேராமடல். இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் கொண்டு அமைந்தவை. இலக்கணம் தெரியாதவருக்கும் கேட்டவுடன் பொருள் விளங்கும். “போகல்ல”, “சேரல்ல” என்று நாம் பேசும் பேச்சிலிருந்துதான் இவை வருகின்றன.

> ‘மீள்மடல்’, ‘திரும்புமடல்’ என்றும் சொல்லலாமே?

‘மீள்’ என்பது இலங்கைத் தமிழில் மீள்குடியேற்றம், மீள்சுழற்சி என்று நன்றாக வேரூன்றிய முன்னொட்டு. மீள்மடல் என்றால் மறுபடி அனுப்பிய மடல் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘திரும்புமடல்’ வேறு காரணத்தால் பொருந்தாது. விலாசதாரர் இல்லையென்றால் தபாலகம் நாம் ஒட்டிய அதே உறையைத் திருப்பி அனுப்பும். மின்னஞ்சலில் அப்படித் திரும்புவது எதுவும் இல்லை. வருவது வழங்கி புதிதாக எழுதிய அறிவிப்பு. நம் மடலின் படி அதில் இணைந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த அறிவிப்பும் சேராமல் போனால் அதற்கொரு அறிவிப்பு, அதற்கும் ஒன்று என்று வழங்கிகள் முடிவில்லாமல் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, அதன் அனுப்புநர் விலாசம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்படுகிறது. ஆகவே அதை சேராமை அறிவிப்பு என்று தனியே அழைக்கலாம்.

> சென்னையில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வைப்போம்.

இதை மட்டும் ஏற்க முடியவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னைக்குப் போய்ச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானமும் படித்துத் தமிழும் படித்த ஒருவரை அங்கே அழைத்தார்கள். இந்தக் கரையிலிருந்து ஒரு சொல் புறப்படலாம். பொருந்தினால் அவர்களும் எடுத்துக்கொள்வார்கள். பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுதட்டும், திருத்துவோம்.

கடைசியாக ஒன்று. மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.ரி.பி.யை ஜோன் போஸ்டல் 1982இல் எழுதியபோதே பதில் எண்களின் முதல் இலக்கத்துக்குப் பொருள் வைத்தார். 5இல் தொடங்கினால் முடிந்த முடிவு. 4இல் தொடங்கினால் தற்காலிகம்: வழங்கி மடலை வரிசையில் வைத்திருந்து தானாகவே மறுபடி முயலும். 2008இன் ஆர்.எப்.சி. 5321 சொல்லும் பொதுவழக்கப்படி, முயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிட இடைவெளி. கைவிடுவதற்கு முன் 4, 5 நாளாவது முயல வேண்டும். இந்த நிலையைத் ‘தவணை’ எனலாமா? வழக்குத் தவணை போட்டாயிற்று என்று நீதிமன்றத்தில் சொல்வது எல்லோருக்கும் பழக்கம்.

கல்லடி, மட்டக்களப்பு

---

அண்ணன், வணக்கம்.

போகாமடல், சேராமடல் இரண்டுக்கும் என் ஆதரவு. ஒரு சந்தேகம் மட்டும். விலாசத்தில் பிழை இருந்தால் சில நேரம் நம் வழங்கியே 550 என்று அந்த இடத்திலேயே மறுக்கும். மடல் அவுட்பாக்ஸிலேயே நிற்கும். அது எந்த வகை?

‘தவணை’ வேண்டாம். கச்சேரியடியில் வழக்கு இருப்பவருக்கு அது தவணைதான். ஆனால் லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தவர் வீட்டில் ‘தவணை மடல்’ என்றால் பணம் கட்டச் சொல்லி வந்த கடிதம் என்றுதான் நெஞ்சு திடுக்கிடும். பரீட்சை பிற்போடப்பட்டது, கூட்டம் பிற்போடப்பட்டது என்று செய்தியில் தினமும் கேட்கிறோமே, ‘பிற்போடல்’ என்று வைத்தால் என்ன? பிற்போட்டதென்றால் நடக்காமல் விட்டதல்ல, பிறகு நடக்கும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

போர்ட்டை நீங்கள் அப்படியே விட்டுவிட்டீர்கள். துறை என்று எழுதுங்கள். சம்மாந்துறைக்காரன் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். வாவிக்கு அங்கால் அம்பிளாந்துறையும் இருக்கிறது. வள்ளம் வந்து அடையும் இடத்தைத் துறை என்று சொல்லியே நாம் ஊர்ப்பெயர் வைத்திருக்கிறோம். கல்வித்துறை, சுகாதாரத்துறை என்பதோடு குழம்பும் என்பார்கள். ‘துறை எண் 587’ என்று எண்ணையும் சேர்த்து எழுதினால் குழப்பம் இல்லை.

சம்மாந்துறை

---

தம்பி,

பிற்போடல் நல்ல சொல், தவணையை விட்டுவிடுகிறேன். “மடல் பிற்போடப்பட்டுள்ளது, வழங்கி மீண்டும் முயலும்” என்று செய்தி வந்தால், நம் ஆட்கள் அதே மடலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பெறுநருக்கு நாலு படி போய்ச் சேர்வதும் குறையும். துறை எண்ணுக்கும் சம்மதம்.

உங்கள் 550 கேள்விக்கு: நம் வழங்கி ஏற்காதவரை அது போகாமடல்தான். எண் காரணத்தைச் சொல்கிறது, நம் சொல் மடல் நின்ற இடத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து “போகாமடல் – 550” என்று காட்டினால், கோளாறு விலாசத்தில், மடல் இன்னும் உங்கள் கையில், திருத்தி அனுப்பலாம் என்பது விளங்கும்.

நம் சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். 552க்கு “இணைப்பு பெரிது” என்று எழுதப் போனேன், எழுத முடியவில்லை. மடலோடு அனுப்பும் கோப்பும் இணைப்பு, இணையத் தொடர்பும் இணைப்பு, சொடுக்கும் சுட்டியும் இணைப்பு. 20 எம்.பி. படத்தை மடலில் வைத்தால், கோப்பை எழுத்துகளாக மாற்றும் எழுத்துவடிவாக்கத்தில் மூன்றிலொரு பங்கு கூடி ஏறத்தாழ 27 எம்.பி. ஆகிறது என்பதை விளக்குவதற்கும் அந்தச் சொல் தெளிவாக இருக்க வேண்டும். ‘உடன்கோப்பு’ என்று யோசிக்கிறேன். உங்கள் பக்கத்துப் பாடசாலைக் கணினி ஆசிரியர்கள் வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

கல்லடி