வெட்டிப்போட்ட போகன்வில்லா கட்டையில் துளிர்: கன்று எடுக்கலாமா?

மொட்டைமாடி (ஜெயநகர், பெங்களூரு):
அப்பார்ட்மென்ட் காம்பவுண்டில் இருந்த பழைய போகன்வில்லாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிட்டாங்க. நிழலில் கிடக்கும் கட்டைகளில் விரல் நீளத்துக்குத் துளிர். கிள்ளி செம்மண்ணில் வச்ச துளிரெல்லாம் அடி கறுத்துப் போச்சு. தொட்டியில் நட்ட ஒரு கட்டை மட்டும் பச்சையா நிக்குது. வேர் விட்டாச்சா?

செம்மண்:
அப்படிச் சொல்ல முடியாதுங்க. துளிர் விட வேர் வேண்டாம், கட்டையில் இருக்கும் மாவுச்சத்தே போதும். அது தீர்றதுக்குள்ள வேர் வரலேன்னா இலை சுருண்டு காஞ்சிடும். இழுத்துப் பார்க்காதீங்க, போகன்வில்லா வேர் நூல் போல அறும். மேல்வெட்டில் மெழுகு தடவி, மூணு நாலு துளிரை மட்டும் விட்டு மத்ததை எடுத்துடுங்க.

கிள்ளினது அழுகக் காரணம் ரெண்டு: துளிர் பிஞ்சு, நம்மூர் செம்மண் தண்ணி பட்டா இறுகி, காத்து போகாது. 10–12 செ.மீ. வளர்ந்து அடி லேசா பழுப்பானதும் எடுங்க. பிளேடைச் சாய்ச்சு வச்சு, தாய்க்கட்டையோட பட்டையும் அதுக்கடியில் இருக்கும் மரமும் நகம் அளவுக்குச் சேர்ந்து வர்ற மாதிரி வெட்டணும். வேர் கிளம்புறது அந்த இணைப்புலதான். பிசிறை நறுக்கிட்டு, மேலே ரெண்டு இலை மட்டும் விடுங்க.

3000 பிபிஎம் ஐபிஏ பவுடரில் (வேர் விட உதவும் ஹார்மோன்) அடியைத் தொட்டு, அதிகமா ஒட்டினதைத் தட்டிவிடுங்க. நடுற கலவைக்கு, கழுவின கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் குருணை) சரிபாதி. எம்-சாண்ட் (கல் உடைச்ச மணல்) போடறதா இருந்தா தூளைச் சலிச்சு நீக்கி, கழுவிப் போடுங்க. முதல்ல பென்சிலால் குழி போட்டு நடுங்க. நேரா குத்தினா பவுடர் உரசிப் போயிடும். அடி வெட்டின பாட்டிலால் துளிரை மூடி, வெயில் நேரா படாத வெளிச்சத்தில் வைங்க. உள்ளே நீர்த்துளி ஒழுகினா மூடியைத் திறந்து விடுங்க. ஆறேழு வாரம் ஆகும்; டிசம்பர் குளிர்ல இன்னும் தாமதம்.

பதியன்:
மண்ணில் இருக்கும் அடிக்கட்டையை விட்டுடாதீங்க, அதிலதான் நிச்சயம் அதிகம். அதன் துளிர் பென்சில் பருமன் ஆனதும் 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமா எடுத்து, வழவழப்பைச் சுரண்டி, நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பாக்னம் பாசியை (ஈரம் காக்கும் நார்ப்பாசி) வச்சு பாலிதீன் கட்டுங்க. சுரண்டாம விட்டா பட்டை மறுபடி கூடிடும், வேர் வராது.

ஒண்ணு கேக்கணும்: ஒரே செடியில் ரெண்டு மூணு நிறம் பூத்துச்சா?

மொட்டைமாடி:
ஆமா, வெள்ளையும் ராணி கலரும்.

பதியன்:
அப்ப ஒட்டுச்செடியாவும் இருக்கலாம். அப்படி இருந்தா, ஒட்டுக்குக் கீழே வர்ற துளிர் அடிச்செடியோட நிறத்தில்தான் பூக்கும். வேணுங்கிற நிறம் வெட்டிப்போட்ட மேல்கட்டைகளில்தான் கிடைக்கும். அது காயறதுக்குள்ள துளிரை எடுத்துடுங்க. வேர் பிடிச்சதும் கலவை உதிராம, தொட்டி வடிவத்திலேயே அப்படியே வேற தொட்டிக்கு மாத்துங்க.