டூ அப் என்றால் என்ன? அவசரம்

லாஸ்பேட்டை: ஆங்கில அகராதியில் 'டூ அப்' (do up) என்றால் பட்டன் போடுவது என்கிறது. எனக்கு வந்த செய்தியில் அது பொருந்தவே இல்லை. இன்று ராத்திரிக்குள் பதில் எழுதணும், சொல்லுங்களேன்.

மஞ்சக்குப்பம்: முழு வாக்கியத்தைப் போடுங்கள். பக்கத்தில் வருவது சட்டையா, வீடா?

நெல்லித்தோப்பு: எழுதியவர் எந்த ஊர்? 'டூ ஓவர்' என்பதைத்தான் மாற்றி எழுதியிருப்பார். அமெரிக்காவில் வீட்டைப் புதிதாக அலங்கரிப்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

முதலியார்பேட்டை ஆசிரியர்: வாக்கியம் இல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? நெல்லித்தோப்பு, பிரிட்டனில் ஒருவரை 'டூ ஓவர்' செய்வது என்றால் அடித்து நொறுக்குவது. தெரியாமல் பதில் சொல்லாதீர்கள்.

லாஸ்பேட்டை: மன்னிக்கணும். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் எழுதியது: 'வி வாண்ட் டு டூ அப் தாத்தாஸ் ஹவுஸ்.' புதுச்சேரியில் வைசியாள் வீதிப் பக்கம், திண்ணை வைத்த வீடு. 'அப்' என்று இருக்கிறதே, இடித்துவிட்டு மாடி எழுப்பப் போகிறார்களோ என்று அம்மா மத்தியானம் சாப்பிடவே இல்லை.

மஞ்சக்குப்பம்: முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இடிப்பது இல்லை. பழைய வீட்டைப் பழுது பார்த்து, ஓடு மாற்றி, வெள்ளையடித்து நன்றாக ஆக்குவது. பழைய காருக்கும் சொல்வார்கள். பதிலில் 'டூ அப் தி ஹவுஸ்', 'டூ தி ஹவுஸ் அப்' எப்படி எழுதினாலும் சரி. 'இட்' வந்தால் மட்டும் நடுவில்: 'டூ இட் அப்'. 'டூ அப் இட்' தப்பு.

ஆசிரியர்: ஆனால் அதை 'ரெஸ்டோர்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெஸ்டோர் என்றால் முன்பு இருந்தபடியே ஆக்குவது. திண்ணையை எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டினாலும் அது 'டூ அப்' தான்.

நெல்லித்தோப்பு: அப்போ 2014 மழையில் இடிந்து விழுந்த நம்ம ஊர் பழைய நகராட்சிக் கட்டடம், அந்த மேரி கட்டடம்? அதே தோற்றம்தானே இப்போதும்?

ஆசிரியர்: அது 'ரீபில்ட்'. விழுந்ததைத் திரும்பக் கட்டியது.

நெல்லித்தோப்பு: கடற்கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அந்தக் கட்டடம் திரும்பி வந்துவிட்டது. அதை வேறு என்ன சொல்வது?

வில்லியனூர்: பழைய சுவர் நிற்கணும் சார். வைசியாள் வீதியில் இருந்த வீடுகளின் முகப்பையே சீர்செய்தார்கள், 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அதைச் சொல்லுங்கள் ரெஸ்டோர் என்று.

நெல்லித்தோப்பு: விழுந்தே போனால் எதை நிறுத்துவது?

லாஸ்பேட்டை: போனில் கேட்டுவிட்டேன். மாடி இல்லை, திண்ணை இருக்குமாம். 'டூ இட் அப்' என்றே பதில் போட்டேன். நன்றி.