முடிவு தெரிந்த படத்துக்கு ஆரம்பம்தான் உயிர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர்

காதல் நகைச்சுவைப் படத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே முடிவு நமக்குத் தெரியும். போஸ்டரில் நிற்கும் இரண்டு பேரும் எப்படியும் சேர்ந்துவிடுவார்கள். துப்பறியும் படத்தில் கடைசி வரை நம்மைக் கட்டிப்போட ஒரு கேள்வி இருக்கிறது, இந்த வகையில் அது கிடையாது. ஆனாலும் சில படங்களில் அந்த இருவருக்காகத் தவித்துப்போகிறோம், சில படங்களில் பத்தாவது நிமிடமே கைபேசியை எடுத்துவிடுகிறோம். இது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் எண்ணம். இவர்கள் சேர வேண்டும் என்று நாம் ஆசைப்படத் தொடங்கும் இடம் எது? உங்களுக்கு அது எந்தப் படத்தில், எந்தக் காட்சியில் நடந்தது?

எனக்கு நடந்தது பில்லி வைல்டர் எடுத்த 'தி அபார்ட்மென்ட்' (1960) பார்த்தபோது. கதை எதுவும் தெரியாமல்தான் உட்கார்ந்தேன். ஜாக் லெமனின் குரல் எடுத்த எடுப்பில் கணக்குச் சொல்கிறது. 1959 நவம்பர் 1ஆம் தேதி நியூயார்க் நகரின் மக்கள்தொகை 80,42,783. அவன் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் மட்டும் 31,259 ஊழியர்கள். அவன் இருப்பது 19ஆவது மாடி, மேசை எண் 861. திரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மாதிரி மேசைகள். மாலை 5:20க்கு எல்லோரும் கிளம்புகிறார்கள், இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். கடமை உணர்ச்சி உள்ள ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் காரணம் தெரிகிறது. அவன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகள் தங்கள் கள்ள உறவுகளுக்காக மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் வெளியேறும் வரை தன் வீட்டுக்குள்ளேயே அவனால் போக முடியாது.

லிஃப்ட் இயக்கும் பெண்ணாக ஷெர்லி மெக்லைன் வருவது அதற்குப் பிறகுதான். அவன் தொப்பியைக் கழற்றி அவளுக்கு மரியாதையாக வணக்கம் சொல்வதைப் பார்த்ததுமே நான் அவன் கட்சிக்குப் போய்விட்டேன். அழகான சந்திப்பு என்பதற்காக அல்ல. சொந்தக் கட்டிலில் படுக்க அடுத்தவர் அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒருவன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது.

படத்தொகுப்பு வேலையில் இருக்கும் ஒருவர்

நீங்கள் கடைசியில் சொன்ன வரியில்தான் என் அனுபவமும் இருக்கிறது. பார்வையாளருக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தொகுப்பு மேசையில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நண்பர் ஒருவர் எடுத்த குறும்படம். நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், அதுதான் முதல் காட்சி. வசனம் நன்றாக இருந்தது, நடித்தவர்களும் நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் போட்டுக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. வேகம் போதவில்லை என்று நினைத்து வெட்டி வெட்டிக் குறைத்தோம், அப்போதும் சிரிப்பு வரவில்லை. பிறகு கதையின் நடுவில் இருந்த ஒரு சின்னக் காட்சியை எடுத்து முன்னால் வைத்துப் பார்த்தோம். அந்தப் பெண் தங்கையிடம் போனில் "நாளைக்குள் அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால் என் வேலையே போய்விடும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகும் காட்சி. சண்டைக் காட்சியில் ஒரு ஃபிரேம்கூட மாற்றவில்லை. இந்த முறை சிரிப்பு வந்தது. அவள் கத்துவதற்குப் பின்னால் பயம் இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எதிரே நிற்பவனுக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் பிறந்தது, அவர்கள் மேல் பரிவும் பிறந்தது.

இதைப் பழைய ஆட்கள் எவ்வளவு தெளிவாகச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' (1934) போதும். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கர்களையும் வாங்கிய படம். அதில் நாயகிக்கு ஒரு தொடக்கம், நாயகனுக்கு ஒரு தொடக்கம். பணக்கார அப்பாவின் படகில் அவள் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாள், தட்டைத் தள்ளிவிடுகிறாள், அறை வாங்குகிறாள், கடலில் குதித்து நீந்திப் போய்விடுகிறாள். அடுத்து, நிருபராக கிளார்க் கேபிள் ஒரு தொலைபேசிக் கூண்டில் குடிபோதையில் தன் ஆசிரியரோடு மல்லுக்கு நிற்கிறான். சுற்றி நண்பர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டு ஆசிரியர் போனை வைத்துவிடுகிறார். ஆனால் இவன், எதிர்முனையில் யாரும் இல்லாத அந்த போனில், தானே வேலையை உதறுவது போலத் தொடர்ந்து முழங்குகிறான். நண்பர்கள் ஆரவாரம் செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தச் செத்த போன்தான். அவன் வீறாப்புப் பேர்வழி, ஆனால் உள்ளுக்குள் அடிபட்டவன் என்பது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியமாகிவிடுகிறது. அதன் பிறகு பேருந்தில் ஒரே இருக்கைக்காக இருவரும் மோதிக்கொள்ளும்போது நாம் இருவருடைய ரகசியத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்தச் சந்திப்பு நமக்கு இனிக்க அதுதான் காரணம்.

எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் 'புளூபியர்ட்ஸ் எய்த் வைஃப்' (1938) இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது, அதையும் சொல்ல வேண்டும். கடையில் கேரி கூப்பர் பைஜாமாவின் மேல்சட்டை மட்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், பாதி விற்க முடியாது என்று கடைக்காரர்கள் கையைப் பிசைகிறார்கள், அப்போது கிளாடெட் கோல்பெர்ட் வந்து கீழ்ப்பாதி எனக்கு வேண்டும் என்கிறாள். காதலர்கள் வேடிக்கையாக முதன்முதலில் சந்திக்கும் இடத்தை மீட்-க்யூட் என்று திரைக்கதை எழுதுபவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட சந்திப்புக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியாது. இங்கே நாம் முன்கூட்டி எதையும் தெரிந்துகொள்வதில்லை, காட்சியின் சாமர்த்தியமே நம்மை இழுத்துக்கொள்கிறது. ஆனால் அவ்வளவு சாமர்த்தியம் கைவசம் இருந்தால்தான் அந்த வழி. திரைக்கதையில் இருந்தவர்கள் சார்ல்ஸ் பிராக்கெட்டும் இதே பில்லி வைல்டரும்.

அம்மாவோடு படம் பார்ப்பவர்

சிரிப்பில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லையே. 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' (1993) ஓர் இறுதிச் சடங்கில் ஆரம்பிக்கிறது. மனைவியை அடக்கம் செய்துவிட்டு ஒரு தகப்பனும் சின்னப் பையனும் நிற்கிறார்கள்.

அப்பா போன பிறகு அம்மா படம் பார்ப்பதையே விட்டிருந்தார். லேசான படம்தானே என்று நான்தான் இதைப் போட்டேன். முதல் காட்சியைப் பார்த்ததும் நிறுத்திவிடலாமா என்று ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அம்மா "இருக்கட்டும், ஓடட்டும்" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்வதையும், ஆறுதல்கள் அவனுக்கு அலுத்துப்போவதையும் பார்த்து முதலில் சிரித்ததும் அம்மாதான். எனக்கு அந்த இடத்தில் சிரிக்கலாமா என்றே தெரியவில்லை. தன் நிலைமையைத் தெரிந்த ஒருவர் எடுத்த படம் என்று அம்மாவுக்குப் பட்டிருக்கிறது. அதன் பிறகு அந்த மனிதருக்கு ஒரு துணை கிடைக்க வேண்டும் என்று அம்மா பட்ட கவலை எனக்கு இருந்ததைவிட அதிகம்.

நாயகனும் நாயகியும் சேர்ந்து நிற்பதே அநேகமாகக் கடைசிக் காட்சியில்தான். அவ்வளவு நேரம் நாம் காத்திருப்பது அந்தக் கல்லறைக் காட்சி கொடுத்த பலத்தில்.

தாமதமாக உள்ளே போனவர்

'(500) டேஸ் ஆஃப் சம்மர்' (2009) பார்க்கப் போனபோது படம் கொஞ்சம் ஓடிவிட்டிருந்தது. வெளியே வரும்போது எனக்கு நாயகி மேல் பயங்கரக் கோபம், நாயகனை ஏமாற்றிவிட்டாள் என்று. கூட வந்தவர்களுக்கும் அதே கோபம். பின்னர் வீட்டில் முதலிலிருந்து பார்த்தேன். தொடக்கத்திலேயே கதைசொல்லியின் குரல் இது காதல் கதை இல்லை என்று சொல்லிவிடுகிறது. நாட்களுக்கு எண் போட்டு முன்னும் பின்னுமாகக் கதை சொல்லும் படம் இது, காட்டும் முதல் நாளே 488ஆவது நாள், அவள் கையில் மோதிரம்.

அதைக் கேட்டபின் அதே படம் எனக்கு வேறு படமாகிவிட்டது. அவளும் தன் மனதை ஒளிக்கவில்லை, படமும் ஒளிக்கவில்லை. கேட்க விரும்பாதவன் அவன் ஒருவன்தான். கோபம் போய் அவன் மேல் இரக்கம் வந்தது. ஒரு சில வாக்கியங்களுக்கு இவ்வளவு வேலை செய்ய முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நம் படங்களைப் பற்றிப் பேச வந்தவர்

தமிழ்ப் படங்களை யாரும் இன்னும் தொடவில்லை. நம்மிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு, நாயகன் அறிமுகப் பாட்டு. அது நாயகனை உயரத்தில் தூக்கி வைக்கிறது. காதல் நகைச்சுவைக்கு வேண்டியதோ அவனைக் கொஞ்சம் கீழே இறக்கும் காட்சி. 'ஃபோர் வெடிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்' (1994) நாயகன் நண்பனின் திருமணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாகப் போக வேண்டியவன், அலாரத்தைத் தாண்டித் தூங்கி, மோதிரத்தையும் மறந்துவிட்டு நிற்கிறான். 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி' (2001) நாயகி, தன்னைப் பற்றி ஒருவன் மட்டமாகப் பேசுவதைக் காதால் கேட்டுவிட்டு, டைட்டில் ஓடும்போது இரவு உடையில் தனியாக உட்கார்ந்து பாட்டுக்கு வாயசைக்கிறாள். இளவரசியானாலும் விலக்கு இல்லை. 'ரோமன் ஹாலிடே'யில் (1953) வரவேற்பு விழாவில் அசையாமல் நின்று விருந்தினரைச் சந்திக்கும் ஆட்ரி ஹெப்பர்ன், நீண்ட கவுனுக்கு அடியில் காலணியைக் கழற்றி, திரும்ப மாட்ட முடியாமல் தவிக்கிறாள். மேலே புன்னகை, கீழே கால் துழாவுகிறது.

தமிழில் இதைத் தெரிந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். 'காதலில் சொதப்புவது எப்படி' (2012) நாயகன் ஏற்கெனவே காதல் முறிந்த நிலையில் கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசத் தொடங்குகிறான். தோற்றுப்போனவனின் வாயால் கேட்பதால் அவன் சொல்லும் ஒவ்வொன்றையும் உடனே நம்பிவிடுகிறோம். கல்லூரியில் என்னோடு படித்த பாதிப் பேர் அந்தக் காட்சியில் தங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 'அலைபாயுதே' (2000) முழு நகைச்சுவைப் படம் இல்லைதான், ஆனாலும் தொடக்கத்துக்காக இங்கே சேர்க்கிறேன். நாயகன் பைக்கில் 'என்றென்றும் புன்னகை' பாடிக்கொண்டு வருகிறான். அறிமுகப் பாட்டின் அத்தனை துள்ளலும் அதில் இருக்கிறது. பாட்டு முடிந்தபின் மனைவி வந்து சேரவில்லை. அந்தக் கவலை மனதில் உட்கார்ந்தபிறகு பழைய காதல் காட்சிகள் வருவதால், சாதாரணக் குறும்புக்குக்கூட ஒரு கனம் வந்துவிடுகிறது. 'ஓ காதல் கண்மணி'யில் (2015) ரயில் நிலையத்தின் எதிர் நடைமேடையில் நிற்கும் பெண் ரயிலின் முன் விழப்போகிறாளோ என்று நாயகனோடு சேர்ந்து நாமும் பதறுகிறோம். யார் அவள், என்ன பிரச்சினை என்ற கேள்வியோடுதான் அடுத்த சந்திப்புக்கே போகிறோம்.

இழையைத் தொடங்கியவர்

குரல்வழிக் கதைசொல்லலைச் சோம்பேறி உத்தி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'நாட்டிங் ஹில்' (1999) தொடக்கத்தில் ஹ்யூ கிராண்ட் தன் தெருவில் நடந்துகொண்டே தன்னைப் பற்றிச் சொல்கிறான். ஹாரிசன் ஃபோர்டு மாதிரியே இருந்த ஒருவனோடு மனைவி போய்விட்டாள் என்பது போகிற போக்கில் வருகிறது. அதற்குச் சற்று முன்புதான் ஜூலியா ராபர்ட்ஸ் பெரிய நட்சத்திரமாகப் புகைப்பட விளக்குகளுக்கு நடுவே நிற்பதைக் காட்டியிருக்கிறார்கள். சினிமாக்காரனின் சாயல் இருந்தவனிடம் மனைவியை இழந்தவன் முன்னால் சினிமாவே வந்து நிற்கப்போகிறது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் இவ்வளவும் நம் காதில் விழாது.

'வென் ஹாரி மெட் சாலி' (1989) எனக்கு இன்னும் ஒரு படி மேல். கதையில் வராத ஒரு முதிய தம்பதி சோபாவில் உட்கார்ந்து தாங்கள் சந்தித்த கதையைச் சொல்வதில் படம் தொடங்குகிறது. இயக்குநர் ராப் ரைனர் சேகரித்த உண்மைக் கதைகளை நடிகர்களை வைத்துச் சொல்ல வைத்திருக்கிறார்கள். முதல் நிமிடத்தில் ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அடுத்து 1977, கல்லூரி முடித்த இரண்டு பேர் ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் ஒரே காரில் சிகாகோவிலிருந்து நியூயார்க் போகிறார்கள். முடிவைப் படமே முன்னால் எடுத்து வைத்துவிட்டு, இனி வழியைப் பார் என்கிறது.

படத்தொகுப்பு வேலையில் இருக்கும் ஒருவர்

அந்தச் சோபாக் காட்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதே மாதிரி தம்பதிகள் படத்தின் நடுவே வந்துகொண்டே இருப்பதால் வருடங்களைத் தாண்டிக் குதிக்க ரைனருக்கு வசதியாகிவிட்டது. "ஐந்து வருடங்கள் கழித்து" என்ற எழுத்துக்கு முன் மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. கடைசியில் அந்தச் சோபாவில் ஹாரியும் சாலியும் உட்காரும்போது வேறு விளக்கமே தேவைப்படவில்லை. தொடக்கத்தில் போட்ட உத்தியைப் படம் முழுக்கப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. பல படங்களில் முதல் நிமிடம் பேசிய குரல் நடுவில் காணாமல் போய்விடுகிறது, அதை எடிட் செய்ய உட்காரும்போது எனக்கு மனசே ஆறாது.

'ரோமன் ஹாலிடே' காலணிக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். முகத்துக்கும் காலுக்கும் எத்தனை முறை வெட்டுகிறார்கள், எந்த இடத்தில் காலணி தனியாகக் கண்ணில் படுகிறது, அதை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், வெட்டு வெட்டாகப் பேசலாம்.