புதுப்பிப்பு: ஆப்பிள் கன்றின் பட்டையைத் தின்றது வோல் எலிதான்

டொரண்டோவில் பனி உருகியதும் ஆப்பிள் கன்றின் அடிப்பட்டை கொறிக்கப்பட்டிருந்தது, புல்லில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓடுபாதைகள் தெரிந்தன, இது மோலா (மண்ணுக்குள் சுரங்கம் தோண்டும் சிறு விலங்கு) வோலா (குட்டை வால் எலி வகை) என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் மிக்க நன்றி.

வோல்தான். மோல் மண்ணைக் குவிக்கும், புழு தின்னும், பட்டையைத் தொடாது. இங்கே 3 மி.மீ. அகலப் பல்தடங்கள் தாறுமாறாக எல்லாப் பக்கமும் சாய்ந்திருந்தன. வளைவாயில் வைத்த ஆப்பிள் துண்டும் மறுநாள் பாதிதான் மிஞ்சியது.

கைகொடுத்தது, "எலிப்பொறியைப் பாதைக்குக் குறுக்கே வை" என்ற யோசனை. பாதையை ஒட்டி நீளவாக்கில் வைத்த 2 இரவும் ஒன்றும் சிக்கவில்லை. விசை பாதையின் நடுவில் வரும்படி செங்குத்தாகத் திருப்பி, பட்டாணி அளவு கடலை வெண்ணெய் தடவி, மேலே பெட்டி கவிழ்த்த பிறகு ஒரு வாரத்தில் 7 வோல்கள் சிக்கின. விரட்டுவதற்காகத் தூவிய ஆமணக்கெண்ணெய்க் குருணையால் பலனில்லை.

கன்றைச் சுற்றி இப்போது 6 மி.மீ. கண் கம்பிவலை: மண்ணுக்குள் 8 செ.மீ., மேலே 60 செ.மீ. வலை பனிமட்டத்தைவிட உயரமாக இருப்பது முக்கியம். மரச்சீவல் மூடாக்கையும் தண்டிலிருந்து முழுக்க விலக்கியாயிற்று; அதற்கடியில்தான் பாதி வளைகள் இருந்தன.

எதிர்பாராதது: வடக்குப் பக்கம் விரலகலப் பச்சைப்பட்டை தப்பியிருந்தது. அதனால் மே மாதம் கன்று துளிர்த்துவிட்டது.